டயரை மாற்றிப் போடுவதற்கு முன்னால்

"அண்ணா, பின்னாடி டயர் நடுவுல தேயுது, முன்னாடி ஓரம் போகுது. ரொட்டேஷன் பண்ணிட்டா சரியாயிடுங்களா?" இன்னோவா வாங்கிய புதிதில் ஏறக்குறைய எல்லோரும் என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். சரியாகாது. டயர்களை ஒன்றின் இடத்துக்கு ஒன்றாக மாற்றிப் போடுகிற ரொட்டேஷன் எந்தக் கோளாறையும் தீர்த்து வைக்காது. ஒரே டயர் ஒரே வேலையைச் செய்து சீக்கிரம் சாகாமல், வேலையை நாலுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். அதனால் வண்டியைத் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றும்போதே டயரில் எழுதியிருப்பதைப் படித்துவிட வேண்டும். படிக்காமல் இடம் மாற்றினால், எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்ற தடயத்தை நாமே கலைத்துவிடுகிறோம்.

நான் நாமக்கல்லில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். 2014 மாடல் இன்னோவா, டீசல். டயர் 205/65 ஆர் 15, ஸ்டெப்னியோடு ஐந்தும் இரும்பு ரிம். வாடகையில் பெரும்பகுதி கொல்லிமலைக்குத்தான். அடிவாரம் காரவள்ளியில் ஏறினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. ஏழு பேர், அவர்கள் மூட்டை முடிச்சு, திரும்பும்போது பலாப்பழம், மிளகு, மலைவாழைத்தார். டயர் எப்படித் தேயும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல ரோடு கிடையாது.

மேலே ஏறும்போது தள்ளுகிற வேலை முழுக்கப் பின் டயருக்கு. ஃபர்ஸ்ட் கியரில் ஒடித்துத் திரும்பினால் பாரம் வெளிப்பக்கம் சாய்ந்து, வளைவின் உள்பக்கம் இருக்கிற பின் சக்கரம் லேசாகிவிடும். அந்தச் சக்கரம்தான் முதலில் வழுக்கும்; ரோட்டில் கொஞ்சம் மணல் கிடந்தால் சரசரவென்று சுற்றுவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கே கேட்கும். இறங்கும்போதும் பின் டயருக்கு ஓய்வு இல்லை. செகண்ட் கியரில் எஞ்சின் பிடித்து இறங்குகிறோமே, அந்தப் பிடிப்பு ரோட்டுக்குப் போவதும் பின் டயர் வழியாகத்தான். இப்படித் தள்ளியும் பிடித்தும் பின் டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள், நடுவில் குறைகிறது. முன் டயர் கதை வேறு. திருப்புவதும், பிரேக் போடும்போது முன்னால் வந்து விழுகிற பாரத்தைத் தாங்குவதும் அதன் வேலை. ஒவ்வொரு வளைவிலும் வெளி ஓரம் ரோட்டில் உரசி, அங்கே பட்டன் உருண்டையாகிவிடும்.

இந்த இரண்டும் இயல்பான தேய்மானம். ரொட்டேஷன் இதற்காகத்தான் இருக்கிறது.

பின் சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு முறை இது: பின் டயர் இரண்டும் அந்தந்தப் பக்கமே நேராக முன்னால் வரும். முன் டயர் இரண்டும் குறுக்கே பின்னால் போகும்; இடது முன் டயர் வலது பின்னுக்கு, வலது முன் டயர் இடது பின்னுக்கு. ஏன் குறுக்கே? முன் டயர் பிரேக்கை மட்டுமே வாங்கி வாங்கி, ஒவ்வொரு பட்டனிலும் ஒரு விளிம்பு உயர்ந்தும் எதிர் விளிம்பு தாழ்ந்தும் தேய்ந்திருக்கும். பக்கம் மாறினால் சுற்றுகிற திசை மாறும். அதோடு பின்னால் போய் எஞ்சின் இழுவையையும் வாங்கும்போது அந்த ஏற்ற இறக்கம் மட்டமாகும். பக்கச் சுவரில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் குறுக்கே போடக் கூடாது. அந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளலாம்.

முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு இது அப்படியே தலைகீழ். முன் டயர் நேராகப் பின்னால், பின் டயர் குறுக்கே முன்னால். 2005-இல் வந்த இன்னோவாவும் 2016-இல் வந்த கிரிஸ்டாவும் பின் சக்கர வண்டிகள். 2022 கடைசியில் காட்டிய ஹைகிராஸ் முன் சக்கர வண்டி. மூன்றுக்கும் பெயர் இன்னோவாதான். "இன்னோவாவா? அதுக்கு இப்படித்தான்" என்று கைப்பழக்கத்தில் கழற்றுகிற கடையில் பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள். ஆம்னி, ஈகோ, பொலிரோ எல்லாம் பின் சக்கர வண்டி.

இனிப் படிக்கிற விஷயம். ஒரு சாக்பீஸும் பட்டன் ஆழம் அளக்கிற கேஜும் போதும். கேஜ் விலை ஒன்றும் பெரிதில்லை. கழற்றியதும் டயரின் மேல் எந்த இடத்திலிருந்து வந்தது என்று சாக்பீஸில் எழுதிவிடுவேன். பிறகு உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளப்பேன். போன தடவை இடது முன் டயரில் உள் ஓரம் 5.1, நடு 5.2, வெளி ஓரம் 4.3 மி.மீ. பின் டயரில் ஓரங்கள் 4.9, நடு 4.2. மலை வண்டிக்கு இது கவலைப்படுகிற கணக்கே இல்லை. பட்டன் இடுக்கில் குறுக்கே சின்ன மேடு இருக்கும், அது 1.6 மி.மீ. உயரம், தேய்ந்து அதைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. மழைக்காலத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை. 3 மி.மீ. வந்தாலே மாற்றிவிடுவேன்.

அளந்த பிறகு உள்ளங்கை. டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழவென்றும் திரும்பும்போது ரம்பப் பல் போல உறுத்தியும் வந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) சரியில்லை, சக்கரம் நேராக உருளாமல் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. கண்ணால் பார்த்தால் இது தெரியாது. சுற்றளவில் அங்கங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். முன் பின் நாலிலும் நடு தேய்ந்திருந்தால் காற்று கூடுதல். நாலிலும் இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஓடி வந்த சூட்டில் பங்க்கில் நிறுத்திக் காற்றைச் சரிபார்ப்பதை விட்டாலே பாதி வண்டியில் இந்தத் தொல்லை போய்விடும். சூட்டில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால், காலையில் ஆறிய டயரில் காற்று குறைவாகத்தான் நிற்கும்.

இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் ராசிபுரத்தில் இருக்கிற என் மச்சான் வண்டி. அதுவும் இன்னோவாதான். ஒழுங்காக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை மெஷினில் அளந்து சரிசெய்வது), ஒழுங்காக ரொட்டேஷன், ஒவ்வொரு தடவையும் அளவு சரி என்று பச்சைக் கட்டம் போட்ட பிரின்ட் அவுட், எல்லாம் ஃபைலில் இருக்கிறது. டயர் மட்டும் பாதி ஆயுளில் முடிந்துபோகிறது.

"மாமா, நாலும் ஒரே மாதிரிதான் தேஞ்சிருக்குங்க. கடைக்காரரே சமமா இருக்குன்னு சொல்லிட்டாருங்க" என்றான்.

சமமாகத்தான் இருந்தது. நின்று பார்த்தால் வெளி ஓரமும் நடுவும் நல்ல பட்டன். ஜாக்கி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி உள்பக்கம் கையை விட்டால், நாலிலும் உள் ஓரம் மொட்டை. ஒன்றில் கம்பி கையில் குத்தியது. இங்கேதான் பின் சக்கர வண்டியின் அமைப்பு உதவுகிறது. இன்னோவாவில் பின் அச்சு ஒரே ஹவுசிங், இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புக் கூடு. இரண்டு பின் சக்கரமும் அதில் நட்டுக்குத்தாக நிற்கும். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற அளவு), டோ என்று திருப்பி வைக்க அங்கே எதுவும் இல்லை. ஹவுசிங் வளையாதவரை அங்கே இரண்டு பக்கமும் உள் ஓரம் மட்டும் தேய வழியே கிடையாது. ஆகவே நாலு டயரின் உள் ஓரமும் போனது முன்னால் இருந்தபோதுதான். முன்னால் ஒரு ஜோடி போனதும் ரொட்டேஷனில் பின்னால் ஒதுங்கியது, அடுத்த ஜோடி முன்னால் வந்து அதுவும் போனது. கோளாறு முன் இடத்திலேயே உட்கார்ந்திருக்க, டயர்தான் வரிசையில் வந்து பலியானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிம்மோடு கழற்றி எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் டயரின் உள் ஓரம் உள் ஓரமாகவேதான் இருக்கும். ரிம்மிலிருந்து பிரித்துத் திருப்பிப் போட்டால்தான் பக்கம் மாறும். அதுவும் திசை குறியும் வெளிப்பக்கக் குறியும் இல்லாத டயரில்தான் செய்யலாம்.

மச்சான் வண்டியில் காரணம் லோயர் ஆர்ம் புஷ், முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற ஆர்மின் ரப்பர் இணைப்பு. இரண்டு பக்கமும் ரப்பர் கிழிந்திருந்தது. மெஷின்மேல் அசையாமல் நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும். ஓடும்போது, பிரேக் போடும்போது ஆர்ம் நகர்ந்து சக்கரம் கோணிவிடும். கம்பியை விட்டு அசைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். புஷ் மாற்றி, அதற்குப் பிறகு அலைன்மென்ட் எடுத்தான். இந்த வரிசை முக்கியம்: ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் எடுப்பது வீண் காசு. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஹப்பு பேரிங் எல்லாம் பார்த்த பிறகே மெஷினில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது நாலு சக்கரத்துக்கும் சென்சார் மாட்டச் சொல்லுங்கள். பின் அச்சைப் பிடித்திருக்கும் ராடுகளின் புஷ் போயிருந்தால் அச்சே சற்றுக் கோணலாக நிற்கும், முன்னால் மட்டும் அளந்தால் அது தெரியவே தெரியாது.

அடுத்தது, எங்கள் ஊரில் டீக்கடைதோறும் நடக்கிற வாக்குவாதம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? நாமக்கல் லாரி ஊர். லாரியில் புது டயர் முன்னால்தான், ரீட்ரெட் செய்தது (பழைய டயரில் மேல் ரப்பர் புதிதாக ஒட்டியது) பின்னால்தான். இதை நான் மறுக்கவே மாட்டேன். பின்னால் ஜோடி டயர், ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் தாங்கும். முன்னால் ஒற்றை டயர், அது வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு போகும். லாரி ஓட்டியே முடி நரைத்த பெரியவர்கள் அதே கணக்கைக் காருக்கும் சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் காருக்கு அது பொருந்தாது.

மழை பெய்து சேலம் நெடுஞ்சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். முன் டயர் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்டியரிங் லேசாகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம், வேகம் குறையும், பிடி திரும்பிவிடும். தேய்ந்தது பின்னால் இருந்தால் முன்னறிவிப்பே வராது. பின்பக்கம் ஒதுங்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும், அப்போது வண்டி சுற்றிக்கொண்டிருக்கும். பின் சக்கரம் தள்ளுகிற வண்டியில் எஞ்சின் விசையும் அங்கேயே போகிறது. வளைவில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலே போதும். டயர் கம்பெனிக்காரர்களும் காருக்குப் புது ஜோடியைப் பின்னால் போடத்தான் சொல்கிறார்கள். ரொட்டேஷனுக்கும் இதே விதிதான். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஏற்கெனவே அதிகமாகியிருந்தால், மொட்டையானதைப் பின்னால் தள்ளாதீர்கள். தள்ளிப்போடாமல் மாற்றி வந்தால் இந்தப் பேச்சே எழாது. நாலும் ஒன்றாகத் தேயும், நாலையும் ஒன்றாக வாங்கலாம். பொதுவாக 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பார்கள். மலை ஓட்டம் உள்ள வண்டிக்கு நான் 6,000-க்கே செய்துவிடுகிறேன்.

மாட்டும்போது நட்டைக் கையால் நூல் பிடிக்க வைத்து, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக முறுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் காற்றுத் துப்பாக்கியை வைத்து அடித்தால் ஸ்டட் நூல் போகும். நடு ரோட்டில் பஞ்சர் ஆகிக் கழற்றும்போதுதான் அந்த வேதனை தெரியும். 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் காற்று வேறாக வைப்பவர்கள் இடம் மாறியதும் புது இடத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். இதைக் கடையில் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. இன்னோவாவில் அது வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. பின் பம்பர் வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றி இறக்கினால், மலைச் சேறெல்லாம் அப்பிக்கொண்டு கீழே வரும். அளவும் ரிம்மும் மற்ற நாலோடு ஒத்திருந்தால் அதையும் சுழற்சியில் சேர்க்கலாம்: குறுக்கே பின்னால் போக வேண்டிய முன் டயர்களில் ஒன்று ஸ்டெப்னியாகும், அது போகவிருந்த பின் இடத்துக்கு ஸ்டெப்னி வரும். சேர்க்காமல் விட்டால், பஞ்சர் ஆகிற அன்று 4 மி.மீ. டயருக்கு ஜோடியாக 8 மி.மீ. டயர் நிற்கும். வீடு வந்து சேர அது போதும், அப்படியே மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. சேர்க்கும் முன் பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1914 என்று இருந்தால் 2014-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டியோடு வந்த ஸ்டெப்னி இன்னும் அப்படியே தொங்குகிற இன்னோவாக்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கின்றன. பட்டனில் மயிர் கூட உதிராமல் புதிதாகத் தெரியும், விரலால் மடக்கிப் பார்த்தால் பட்டன் இடுக்கெல்லாம் வெடிப்பு. அதைச் சுழற்சியில் சேர்க்க வேண்டாம். காரவள்ளி ஏறுகிற வண்டியில் ஸ்டெப்னியாகவும் அது வேண்டாம்.