“மிக அதிகம்” என்றால் லாபமா, ரிஸ்க்கா?

சென்னையில் இயங்கும் ஒரு சிறு நிறுவனத்துக்காக மியூச்சுவல் ஃபண்ட் செயலி ஒன்றின் திரைகளைக் கடந்த ஓராண்டாக வடிவமைத்து வருகிறேன். முதல் வடிவம் தயாரானதும், தாம்பரத்தில் தையற்கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்து, மாதம் 5,000 ரூபாயை எதில் போடுவீர்கள் என்று கேட்டோம். பட்டியலை மேலும் கீழும் ஒருமுறை தள்ளிப் பார்த்தவர், சிறிய நிறுவனப் பங்குகளை வாங்கும் ஒரு ஸ்மால்கேப் ஃபண்டின் மேல் விரலை வைத்தார். ஏன் இது என்று கேட்டதற்கு, “மிக அதிகம்னு போட்டிருக்கே தம்பி, நல்லாத்தானே கிடைக்கும்?” என்றார்.

அவர் படித்தது, ஃபண்டின் ரிஸ்க் எவ்வளவு என்று காட்டும் ரிஸ்க்கோமீட்டரில் இருந்த சொல். 2021 ஜனவரி முதல், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி ஒவ்வொரு ஃபண்டுக்கும் ‘குறைவு’ தொடங்கி ‘மிக அதிகம்’ வரை ஆறு நிலைகளில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்தக் குறிப்பை நாங்களும் போட்டிருந்தோம். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமாக இருந்ததால், ‘இடர்’ என்பதைப் பொடி எழுத்தில் மேலே ஒதுக்கிவிட்டு, ‘மிக அதிகம்’ என்பதை மட்டும் பளிச்சென்று வைத்திருந்தோம். ‘இடர்’ என்ற சொல்லைச் சுட்டிக்காட்டிய பிறகும் அவருக்கு அது விளங்கவில்லை. ‘ரிஸ்க்’ என்று சொன்ன மாத்திரத்தில் விரலை எடுத்துக்கொண்டார். மாதாமாதம் ஒரே தொகையை முதலீடு செய்யும் எஸ்.ஐ.பி.க்கு நாங்கள் எழுதியிருந்த ‘மாதத் தவணை’யும் அப்படித்தான்: அது கடன் கட்டுவதைப் போல ஒலிக்கிறது, ஒரு மாதம் தவறினால் வட்டி போடுவார்களோ என்று அவர் பயந்தார். ஃபண்டு நிறுவனம் அபராதம் எதுவும் போடாது, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கிதான் கட்டணம் பிடிக்கலாம் என்பதை அந்தத் திரையிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதியிருக்கிறோம்.

சொல்லைத் திருத்திய பின்பும் ஒரு குறை மீதமிருந்தது. பெரிய நிறுவனப் பங்குகளை வாங்கும் லார்ஜ்கேப் ஃபண்டோ ஸ்மால்கேப் ஃபண்டோ, பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டுகளில் பெரும்பாலானவை அதே ‘மிக அதிகம்’ நிலையில்தான் இருக்கின்றன. ஆகவே மீட்டரை மட்டும் நம்பி ஒருவர் இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க முடியாது. சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் சொல்லிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். 2020 ஜனவரி நடுவில் 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் போக்கிலேயே செல்லும் இண்டெக்ஸ் ஃபண்டில் 1,00,000 ரூபாய் இருந்திருந்தால், மார்ச் 23 அன்று அது ஏறக்குறைய 61,500 ரூபாயாக இருந்திருக்கும். நவம்பரில் பழைய அளவை மீண்டும் தொட்டிருக்கும். இதை மட்டும் காட்டினால் எந்தச் சரிவும் சில மாதங்களில் சரியாகிவிடும் என்ற பொய்யான தைரியம் வந்துவிடும் என்பதால், அதற்குக் கீழேயே 2008-ஐயும் வைத்தோம். அந்த ஆண்டு ஜனவரியில் இருந்த ஒரு லட்சம், அக்டோபர் இறுதியில் சுமார் 40,000 ஆனது. நிஃப்டி பழைய உச்சத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் திரை பணம் செலுத்தும் பொத்தானுக்கு முன்னால் வருகிறது. பலர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள் என்று அலுவலகத்தில் எதிர்ப்பு எழுந்தது. போகட்டும் என்பதே என் நிலைப்பாடாக இருந்தது, இன்றும் அதுதான்.

பட்டியலின் வரிசைக்காகவும் நெடுநாள் வாதாடினேன். செபியிடம் பதிவு பெற்ற ஆலோசகராக இல்லாத செயலி, இதை வாங்குங்கள் என்று யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆனால் கடந்த ஓராண்டில் அதிக வருமானம் தந்த ஃபண்டுகளை முதலில் அடுக்கி, அந்த எண்ணைப் பச்சையில் பெரிதாகக் காட்டினால், வாய்திறந்து சொல்லாத பரிந்துரையாக அது ஆகிவிடுகிறது. எங்கள் முதல் வடிவம் அப்படித்தான் இருந்தது. இப்போது பட்டியலுக்கு முன்பாக, இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும் என்ற ஒரே கேள்வி வருகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் என்று சொல்பவருக்குப் பங்கு ஃபண்டுகள் முதலில் தெரிவதில்லை.

ஃபண்டை நடத்துவதற்காக ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து எடுக்கப்படும் செலவு விகிதத்தைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் தரகுத்தொகை சேராததால் செலவு குறைந்த டைரக்ட் திட்டம் உண்டு. மாதம் 5,000 வீதம் 20 ஆண்டுகளுக்கு, 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் தோராயமாக 50 லட்சம் சேரும். செலவில் ஒரு சதவீதம் கூடுதலாகப் போய் வளர்ச்சி 11 சதவீதமானால் 43.7 லட்சம்தான். ‘1%’ என்று எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை, ஆறு லட்சத்துக்கு மேல் என்று எழுதினால் படிக்கிறார்கள்.

பணத்தைத் திரும்ப எடுக்கும் வழியை மூன்று திரைகளுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது அவர்களுடைய பணம். சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு எவ்வளவு, ஓராண்டு முடிய எத்தனை நாள் இருக்கிறது, பங்கு ஃபண்டை இன்று விற்றால் லாபத்தின் மீது 20 சதவீத வரியா, ஓராண்டு கழித்து 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதமா என்பதைச் சொல்லிவிட்டு, பொத்தானை அங்கேயே வைத்திருக்கிறோம்.

போன மாதம் அதே அம்மாவிடம் புதிய வடிவத்தைக் காட்டினோம். 61,500 என்ற எண் வந்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, 2008 வரைக்கும் வாசித்தார். 5,000-ஐ 2,000 ஆக மாற்றினார். மீதி 3,000 தபால் நிலையத்து ஆர்.டி.யிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு பணம் செலுத்தும் பொத்தானைத் தொடாமல் கைபேசியை என்னிடம் நீட்டி, “இந்தப் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்ப முடியுமா தம்பி? வீட்ல அவர்கிட்டயும் காட்டிட்டுச் சொல்றேன்” என்றார். அப்படி அனுப்பும் வசதி எங்கள் செயலியில் இல்லை. இந்த வாரம் அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.