மரப்பலகைகளை மூலவராக வணங்கும் மலைக்கோயில்

தென்கொரியாவின் தெற்கு கியோங்சாங் மாநிலத்தில், கயா மலையில் இருக்கிறது ஹேயின்சா என்ற பௌத்தக் கோயில். தேகு நகரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடைசிப் பகுதியை ஹொங்ன்யூ பள்ளத்தாக்கின் ஓடையோரமாக நடந்தே கடந்தேன். பழைய கொரிய அரசான சில்லாவின் பெரும்புலவர் சோ சிவோன் அரசுப் பதவியை விட்டு ஒதுங்கி வந்தது இந்த மலைக்குத்தான். அந்த நீரோசையைக் கேட்டபடி ஏறும்போது, அவர் ஏன் இங்கே வந்தார் என்று யாரையும் கேட்கத் தோன்றாது.

கோயில் எழுந்தது கி.பி. 802-ல். புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளில், புத்தரின் போதனையாகிய தர்மத்துக்கு உரிய தலமாக கொரிய பௌத்தர்கள் இதைப் போற்றுகிறார்கள். வைரோசன புத்தரைத் தொழுதுவிட்டு வெளியே வந்தால், அந்த மண்டபத்துக்குப் பின்னால், இன்னும் உயரத்துக்கு, செங்குத்தாகப் படிகள் போகின்றன. புத்தர் சன்னிதிக்கும் மேலான அந்த இடத்தில் விக்கிரகம் கிடையாது. அவருடைய வாக்குதான் இருக்கிறது, 81,258 மர அச்சுப்பலகைகளில்.

1232-ல் மங்கோலியப் படையெடுப்பில், இவற்றுக்கு முன்பே செதுக்கியிருந்த பழைய பலகைகள் எரிந்துபோயின. போர் ஓயவில்லை, ஆனாலும் அன்றைய கொரிய அரசான கொரியோவின் நாட்டார், பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகம் முழுவதையும் மறுபடி செதுக்கத் தொடங்கி 1251-ல் முடித்தார்கள். புத்தர் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையே அவர்கள் கையில் உளியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பலகைகள் இருக்கும் நீண்ட கூடத்துக்குள் சாதாரணமாக நம்மை விடுவதில்லை. மரச்சட்டங்களின் இடைவெளி வழியாகத்தான் தரிசனம். அடுக்கடுக்காகக் கருத்த விளிம்புகள். முன்சுவரில் கீழ்ச் சாளரம் பெரிது, பின்சுவரில் மேல் சாளரம் பெரிது. உள்ளே வரும் மலைக்காற்று கூடம் முழுக்கச் சுற்றிவிட்டே வெளியேறுகிறது. தரைக்கு அடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு, மணல் கலந்த மண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 1817-ல் பெருந்தீ கோயிலின் பல மண்டபங்களை விழுங்கியது. இந்தக் கூடத்தைத் தொடவில்லை. 1951-ல் கொரியப் போரின்போது இங்கே குண்டு போட உத்தரவு வந்தும், விமானப்படை அதிகாரி கிம் யங் ஹ்வான் போட மறுத்துவிட்டார். அவரையும் நினைத்துத்தான் அந்தச் சட்டத்தின் முன் கைகூப்பினேன்.

போகிறவர்கள் பகலோடு திரும்பிவிடாதீர்கள். மாலை வழிபாட்டுக்கு முன் துறவிகள் பெருமுரசு அறைவார்கள். மணி, மரமீன், மேகவடிவத் தகடு என்று அடுத்தடுத்து ஒலிக்கும். முன்பதிவு செய்தால் இரவு அங்கேயே தங்கி, விடியலுக்கு முந்திய வழிபாட்டிலும் கலந்துகொள்ளலாம்.