நாலு மணி நேர விடுப்பு

கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்ட் உத்தியோகம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார். வருடா வருடம் ஈட்டிய விடுப்பில் பதினைந்து நாளைச் சரண்டர் செய்வார். எங்கள் வீட்டின் பெரிய செலவெல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கும். என் முதல் சைக்கிள் அப்படி வந்ததுதான். அதனால் விடுப்பை ஓய்வு என்று நான் நினைத்ததே இல்லை. அது தொடாமல் வைக்க வேண்டிய பணம்.

அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் பதினாலு வருடமாக இருக்கிறேன். வேலை கிடைத்த அன்று அம்மா போனில், "அப்பாடா, இனிமே யாரும் கை வைக்க முடியாது" என்றாள். 2025 ஜனவரி 28 வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அன்று மாலை மத்திய அரசு ஊழியர்களுக்கெல்லாம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'ஃபோர்க் இன் த ரோடு' என்று தலைப்பு. இப்போதே ராஜினாமா செய்தால் செப்டம்பர் 30 வரை சம்பளம் உண்டு, இருந்தால் வேலை நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். முதல் சுற்றில் மட்டும் சுமார் 75,000 பேர் சம்மதித்தார்கள். எங்கள் பிரிவில் யாரும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தோம்.

அந்த மெளனத்தை உடைத்தவர் எங்கள் பிரிவின் மூத்தவர். முப்பத்தொரு வருட சர்வீஸ். எந்த நாளில் வேண்டுமானாலும் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம், போகாமல் இருந்தார். சாலை பிரிகிற இடத்துக்கும் முள்கரண்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அல்லவா? ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் மதியம் ஒன்று வந்தபோது, தட்டும் கரண்டியும் வாங்கிவரும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். மேசையில் பார்த்தால் ஸ்பூன் மட்டும்தான். "ஃபோர்க் எங்கே?" என்று ஒருத்தி கேட்க, "நமக்கு வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டோமே" என்றார். கீரையும் இலையுமான சாலட்டை நாங்கள் ஸ்பூனால் அள்ளினோம். அது வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் விழுந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாட்டின் வேறு அலுவலகங்களிலும் ஊழியர்கள் ஸ்பூன் படத்தை அடையாளமாக வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஸ்பூன் இன்னும் என் பேனா டம்ளரில் இருக்கிறது.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. பிப்ரவரி நடுவில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களை நீக்கினார்கள். எங்கள் பிரிவில் இருவர். ஒரு பெண் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, போன வாரம்தான் வாடகை வீடு மாறியிருந்தாள். அன்று மூத்தவர் ஒரு வார்த்தை வேடிக்கையாகப் பேசவில்லை. அவள் பெட்டியைக் காருக்குத் தூக்கிப் போனார், தனக்குத் தெரிந்த மூன்று இடங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். எப்போது சிரிக்கக் கூடாது என்று தெரிந்தவர் என்பதால்தான் அவர் நகைச்சுவையை நான் நம்பினேன்.

பிப்ரவரி 22, ஒரு சனிக்கிழமை, இன்னொரு மின்னஞ்சல். போன வாரம் என்னென்ன செய்தாய், ஐந்து வரியில் திங்கள் நள்ளிரவுக்குள் சொல். அதை வைத்து மதியச் சாப்பாட்டில் மூத்தவர் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஐந்து காரியம் சொல்ல வேண்டும். ஒருவர் ஐந்தும் தன் நாயைப் பற்றியே சொன்னார். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி செல்லோ வாசிப்பார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் மாவு அரைத்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் எல்லோருக்கும் இட்லி கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அப்புறம் 'ரிஃப்' என்ற சொல் வாய்க்கு வாய் புழங்க ஆரம்பித்தது. ஆட்குறைப்புக்கு அரசு வைத்திருக்கும் பெயரின் சுருக்கம். அதன் விதிகள் பழையவை. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை. பிறகு சர்வீஸ் வருடங்கள், அதோடு வேலை மதிப்பீட்டுக்குக் கூடுதல் வருடங்கள். அனுப்பினால் கிடைக்கும் தொகைக்கும் கணக்கு உண்டு. முதல் பத்து வருடத்துக்கு வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு வாரம். என் பதினாலு வருடத்துக்குப் பதினெட்டு வாரம். நாற்பது வயதைத் தாண்டினால் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் இரண்டரை சதவீதம் கூடும். எனக்கு நாற்பத்தாறு, ஆகவே கிட்டத்தட்ட இருபத்தொன்பது வாரம். "நரைத்த முடிக்குக் காசு கொடுக்கிற ஒரே இடம் இதுதான்" என்றார் செல்லோ அம்மா. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. மகன் அடுத்த வருடம் கல்லூரி போகிறான்.

எடுக்காத விடுப்பையும் பணமாகக் கொடுப்பார்கள். அப்போது என் கணக்கில் 150 மணி நேரம் இருந்தது. லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயில் கேன்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரைத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த அண்ணா ஒருவர் சொன்னார். "லீவை மட்டும் தொட்டுடாதீங்கம்மா. கடைசியில கைக்கு வர்றது அதுதான்." அப்பாவே வந்து சொன்ன மாதிரி இருந்தது. ஆறு மாதம் ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. தூக்கம் கெட்டது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன்.

ஆட்குறைப்புக்கு மே 22 அன்று ஒரு நீதிபதி தடை போட்டார். ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. மறுநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூத்தவர் ஒரு காகிதத்தில் வழி வரைந்து கொடுத்தார். "வெள்ளிக்கிழமை காலையில் போ. வெயில் ஏறினால் பூ மூடிவிடும்." நாலு மணி நேர விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பதினாலு வருடத்தில் காரணம் சொல்ல எதுவும் இல்லாமல் எடுத்த முதல் விடுப்பு.

அவர் அனுப்பியது வாஷிங்டன் நகருக்குள்ளேயே, அனகோஸ்டியா ஆற்றங்கரையில் இருக்கும் கெனில்வொர்த் நீர்த்தோட்டத்துக்கு. ஜூலையில் அங்கே குளம் குளமாகத் தாமரை. என் தோள் உயரத்துக்கு இலை, அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பூ. அந்த இடத்தின் கதையை மூத்தவர் முன்பே சொல்லியிருந்தார். வால்டர் ஷா என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர், அரசாங்கத்தில் குமாஸ்தா. 1880களில் மெய்ன் மாநிலத்திலிருந்து சில அல்லிக் கிழங்குகளைக் கொண்டுவந்து தன் நிலத்துக் குட்டையில் பொழுதுபோக்காக நட்டார். அது வளர்ந்து தோட்டமானது. 1930களில் ஆற்றைத் தூர்வாரும் திட்டத்தில் குளங்கள் போய்விடும் நிலை வந்தது. அவர் மகள் ஹெலன் ஃபவுலர் விடாமல் போராடினார், 1938இல் அரசே அதை வாங்கிப் பூங்காவாக்கியது. மஞ்சூரியாவில் ஒரு வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த பல நூறு வருடப் பழைய விதைகள்கூட இங்கே முளைத்துப் பூத்திருக்கின்றன.

ஒரு குமாஸ்தா வேலை முடிந்த நேரத்தில் வைத்த குளம். கரையில் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "நம்ம ஊர்க் குளத்துல நிக்கிறியா?" என்று கேட்டாள். வேலையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு மேசைக்குத் திரும்பினேன். ஒரு அட்டவணையில் ஒரு மாவட்டத்தின் எண்ணிக்கை இரண்டு முறை சேர்ந்திருந்தது. ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தும் கண்ணில் படாதது, அன்று உட்கார்ந்த அரை மணியில் பட்டது.

அதற்கப்புறம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆறு மணி நேர விடுப்பு சேரும். நாலை எடுப்பேன், இரண்டைச் சேர்ப்பேன். கணவர் முதலில் முணுமுணுத்தார். ஜார்ஜ்டவுனில் தொடங்கும் பழைய கால்வாய்ப் பாதையில் ஒரு மதியம் இருவரும் சைக்கிள் ஓட்டினோம். 184.5 மைல் நீளப் பாதை அது. நாங்கள் போனது ஆறு மைல். திரும்பும்போது அடுத்த தடவை எங்கே என்று கேட்டவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை விடுப்பே இல்லாமல் அசடீக் தீவுக்குப் போய், கடற்கரையில் திரியும் காட்டுக் குதிரைகளைப் பார்த்தோம்.

மூத்தவர் செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற்றார். மறுநாளே அரசாங்கம் நிதியில்லாமல் முடங்கியது. 43 நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தோம். அப்படி இருக்கும் நாளை விடுப்பாகக் கழிக்கவும் விதியில் இடமில்லை. நாள் முழுக்கக் கையில் இருந்தும் எங்கேயும் போக மனம் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது, 2026 ஜனவரி 30 வரை ஆட்குறைப்பு கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பட்டியல் வந்தால் என் பெயர் இருக்கலாம். மகனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் நாலு மணி நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிரேட் ஃபால்ஸ் அருவிக்கு. செல்லோ அம்மா வருகிறார், மூத்தவரும் வருகிறார். குளிருக்கு ஃபிளாஸ்க் நிறைய ரசம் கேட்டிருக்கிறார். ஸ்பூன் அவர் கொண்டுவருகிறாராம்.