காவலர் மேல் ஒரு புகார்: நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 3, புதன்

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தம்பியை ஞாயிற்றுக்கிழமை இரவு வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. "பாத்துட்டீங்கல்ல சார், கிளம்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு எஸ்.ஐ. கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்துவிட்டார். போனைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், விடியும்வரை பெஞ்சில் உட்காரவைத்து, காலையில் போனைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வழக்கு போடவில்லை, எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. காகிதத்தைப் பொறுத்தவரை அன்றிரவு அவன் அந்த ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை.

இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை என்று இன்றைக்குத்தான் வந்து சொன்னான். புகார் எழுதுவது அப்புறம், முதலில் அரசு ஆஸ்பத்திரி என்று கூட்டிப்போனேன். டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். நாலடி தள்ளி ஆஸ்பத்திரி போலீஸ்காரர் நின்றிருந்தார். தம்பி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நடந்ததைச் சொல்லுப்பா" என்றேன். "போலீஸ் எஸ்.ஐ. கையால அடிச்சாரு" என்றான். டாக்டர் அதை அப்படியே எழுதினார். தேதி, நேரம், இடம், கையால் தாக்கியதாகக் கூறுகிறார். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் செவிப்பறையில் சிறு துளை இருப்பதாகக் குறித்தார்கள்.

அந்த விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகல்தான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த இடத்தில் பயந்துபோய் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். பிறகு எந்த விசாரணையிலும் முதலில் எடுத்து நீட்டப்படுவது அந்த வரிதான். டாக்டரிடம் முதல் வாயில் என்ன சொல்கிறோம் என்பதில் பாதிப் புகார் தீர்மானமாகிவிடுகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்களில் சிசிடிவி கேமராக்கள் வேலை செய்யாததைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்திருக்கிறது. காவலில் நடந்த மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திதான் காரணம்.

2020 டிசம்பரில் இதே நீதிமன்றம் தெளிவாகவே உத்தரவு போட்டது. எல்லாக் காவல் நிலையத்திலும் வாசல், வரவேற்பறை, வராண்டா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை என ஓர் இடம் விடாமல் கேமரா வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்தத் திறனுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

பதிவு அழிவது என்றால் என்ன என்பதை நாம் சாத்தான்குளத்தில் பார்த்தோம். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி அந்த ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் எழுதிய அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். உள்ளே நடந்ததைச் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலர் அஞ்சி அஞ்சி முன்வந்தார். அவரும் பேசாமல் இருந்திருந்தால்?

ஞாயிறு இரவு தம்பி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே சுவரில் கேமரா இருந்ததாம். இன்று இரவே மனுவை எழுதி முடிக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, கடைசியில் கையில் ஒப்புகைச் சீட்டு. மனுவில் என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்பது மட்டும்தான் எழுதினேன். "காட்டுமிராண்டித்தனமாக" போன்ற சொல் எதுவும் இல்லை. ஏ.ஆர். நகல் இணைப்பு. கடைசிப் பத்தியில், அன்றிரவு 10 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரையான சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்ற கோரிக்கை.

பதிவின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு விண்ணப்பம், தம்பி பெயரிலேயே. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒன்று தபாலில் போனது. ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் விசாரிக்க மாட்டார்கள். ஆணையம் பரிந்துரைதானே செய்யும், அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்: 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

எஃப்.ஐ.ஆர். பற்றித் தம்பி கேட்டான். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின்படி உயர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். ஆனால் வேலை பார்க்கும்போது நடந்தது என்று அரசு ஊழியர் மேல் நேரடியாகப் புகார் போனால், மாஜிஸ்திரேட் அதை ஏற்கும் முன் அந்த ஊழியர் தரப்பைக் கேட்க வேண்டும், அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கையும் வாங்க வேண்டும். அதாவது கோர்ட்டுக்குப் போனாலும் பேப்பர் ஒருமுறை காவல்துறைக்குள் போய்த்தான் வரும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எதிர்பார்த்ததே நடந்தது. ஆணையருக்குக் கொடுத்த மனு துணை ஆணையருக்குப் போய், அங்கிருந்து உதவி ஆணையருக்கு இறங்கி, "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு அதே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டேஷன் ரைட்டர் தம்பிக்குப் போன் பண்ணி, "மனு விசாரணை, நாளைக்குக் காலைல வந்துடு" என்றிருக்கிறார். அடித்தவர் உட்கார்ந்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில், அடி வாங்கியவனிடம் விசாரணை!

மாலையில் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரை யார் அனுப்பினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "எஸ்.ஐ. சின்ன வயசு, புள்ளகுட்டிக்காரரு. ஏதோ கோவத்துல கை நீட்டிட்டாரு. மருத்துவச் செலவ வேணா வாங்கித் தரச் சொல்றேன்." அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கும் இதே ஏரியாலதான தம்பி வண்டி ஓட்டணும்."

இதை மிரட்டல் என்று எந்தப் புகாரிலும் எழுத முடியாது. ஆனால் தம்பியின் அம்மா அதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "வேணாம் கண்ணு, எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்றார். எழுதிக் கொடுப்பது என்றால், "இம்மனு மீது மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை" என்ற ஒற்றை வரி. காவலர்கள் மேல் வரும் மனுக்கள் பெரும்பாலும் அந்த வரியில்தான் முடிகின்றன என்பது இத்தனை வருடம் மனு எழுதிக் கொடுத்த என் அனுபவம். புகார் பொய் என்பதால் அவை முடிவதில்லை. வீடும் பிழைப்பும் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் இருப்பதால் முடிகின்றன.

தம்பி ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினான். "அக்கா, நான் எழுதிக் குடுக்கல. ஆனா அந்த ஸ்டேஷனுக்கும் போகல. வேற எங்கயாவது விசாரிக்கச் சொல்ல முடியுமா?"

முடியும். துணை ஆணையருக்கு எழுதிவிட்டேன்: புகார் அந்த நிலையத்தின் அதிகாரி மீதே இருப்பதால், வேறு சரகத்து உதவி ஆணையர் விசாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

ஓய்வுபெற்ற டி.ஜி.பி. பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கின் தீர்ப்புக்கு இன்றோடு 19 ஆண்டு. 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் காவல்துறைச் சீர்திருத்தத்துக்காக மாநிலங்களுக்குச் சொன்னவற்றில் ஒன்று, காவல்துறைக்கு எதிரான புகார்களுக்கு என்று தனி ஆணையம். மாவட்ட அளவில் டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீதான புகாருக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். மாநில அளவில் எஸ்.பி.க்கும் அதற்கு மேலேயும் உள்ளவர்களுக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். அவர்களுடைய பரிந்துரை துறையைக் கட்டுப்படுத்தும்.

தமிழ்நாடு 2013-இல் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். நீதிபதி உட்கார வேண்டிய நாற்காலியில் நிர்வாகமே உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் கேரளம் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியைத்தான் தலைவராக வைத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நியூயார்க்கில் 1993 முதல் பணியிலிருக்கும் காவலர் யாருமே உறுப்பினராக இல்லாத, பொதுமக்கள் அடங்கிய வாரியம் இந்தப் புகார்களை விசாரிக்கிறது. அங்கேயும் தண்டனையை இறுதியாக முடிவு செய்பவர் காவல் ஆணையர்தான், அந்தக் குறையைப் பற்றி அவர்களும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வாக்குமூலம் கொடுக்க அடித்தவரின் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு இப்போதைக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. தண்டனை கிடைப்பது அடுத்த கட்டம். பயப்படாமல் நடந்ததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் காக்கிக்கு வெளியே இருக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

கேட்டபடியே விசாரணையை வேறு சரகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்று அந்த உதவி ஆணையர் அலுவலகத்தில் வாக்குமூலம். மரியாதையாக நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நல்லபடியாக நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

தம்பி சொல்லச் சொல்ல ஒரு காவலர் கம்ப்யூட்டரில் அடித்தார். பிரிண்ட் எடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தம்பி பேனாவை எடுத்துவிட்டான். நான் வாங்கிப் படித்தேன். மூன்றாவது வரியில் "எனக்கும் சார்பு ஆய்வாளருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டு, அதில் எனக்குக் காதில் காயம் ஏற்பட்டது" என்று இருந்தது. அறைந்தவர் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. காயம் தானாக ஏற்பட்டுவிட்டது.

"இது அவன் சொன்னது இல்லைங்க" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்றார் காவலர். உதவி ஆணையர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அவர் சொன்ன மாதிரியே போடுங்க" என்றார். "எஸ்.ஐ. என் இடது காதில் கையால் அறைந்தார்" என்று மாற்றி அடித்த பிறகுதான் தம்பி கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும், "அவர ஆயுதப்படைக்கு மாத்துவாங்களா அக்கா?" என்று கேட்டான். எல்லோரும் கேட்பது இதுதான். ஆயுதப்படைக்கு மாற்றுவது தண்டனை இல்லை, பரபரப்பு அடங்கும்வரை இடம் மாற்றி வைப்பது. துறை நடவடிக்கை என்றால் காவலர்களுக்கான 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் 3(ஏ) அல்லது 3(பி). முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவது முறையான விசாரணையோடு பெரிய தண்டனைக்கு. எந்த விதியில் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம் உண்டு. "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று வரும் கடிதத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் 10, வெள்ளி

மனித உரிமை ஆணையத்திலிருந்து வழக்கு எண் வந்துவிட்டது. தம்பியின் அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

தகவல் உரிமை விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது. "குறிப்பிட்ட நாளில் தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கண்காணிப்புக் கேமரா இயங்கவில்லை." அவ்வளவுதான். தம்பி முகம் விழுந்துவிட்டது. எனக்கு வந்தது கோபம். அவன் உட்கார்ந்திருந்த அந்த ஒரு ராத்திரியில் மட்டும் கோளாறு என்றால், அந்தக் கோளாறுக்கும் காகிதம் இருந்தாக வேண்டும்.

2020 தீர்ப்பில் அதற்கும் வழி சொல்லியிருக்கிறது. கேமரா பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பழுதாக இருந்த நேரத்தில் ஸ்டேஷனில் யாரைக் கைது செய்தார்கள், யாரை விசாரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது, அதுவரை காத்திருக்கப் போவதில்லை. இன்றே எழுதிவிட்டேன். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் புதிதாக இன்னொரு விண்ணப்பம். அதில் கேட்டது நான்கு: பழுது பற்றிக் குழுவுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், அது அனுப்பப்பட்ட தேதி, பழுது நீக்க வந்தவரின் பில், அன்றிரவு அந்த நிலையத்தில் விசாரிக்கப்பட்டவர்களின் பட்டியல்.

தம்பி கையெழுத்துப் போட்டு, அவனே தபால் ஆபீசுக்கு ஆட்டோவில் எடுத்துப் போயிருக்கிறான்.