மலையில் புயல் அடித்தால் மண்ணையும் கணக்கில் எழுதுங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். கரையேறிய பிறகும் அது வேகமாக நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. பிறகு வலுவிழந்து மெதுவாக மேற்கே நகர்ந்தது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களில் பாதிப்பு கூடியதற்கு இந்த மெதுவான நகர்வுதான் காரணம். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ., ஏற்காட்டில் சுமார் 24 செ.மீ. மழை பதிவானது. வானிலை மையத்தின் கணக்கில் 20 செ.மீ.க்கு மேல் போனாலே அதிகனமழை.

கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கல்வராயன், சேர்வராயன் சரிவுகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. அதனால் "புயல் வலுவிழந்தது" என்று செய்தியில் கேட்டதும் ஏற்காட்டில் இருப்பவர்கள் நிம்மதி அடையக் கூடாது. குறைந்தது காற்று மட்டும்தான், மழை இனிமேல்தான் வரும்.

ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 24 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 9.7 லட்சம் லிட்டர். இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. மண்துகள்களுக்கு இடையே நீர் நிரம்பி அழுத்தம் கூடக்கூட, அவற்றின் பிடிப்பு தளர்கிறது. பாதைக்காகவோ வீட்டுமனைக்காகவோ சரிவின் அடியை நேராக வெட்டியிருந்தால் அந்த இடம்தான் முதலில் இறங்கும். தாங்குசுவர் கட்டியிருந்தாலும், அதிலுள்ள நீர்க்கசிவுத் துளைகள் வேரும் சேறும் அடைத்துக் கிடந்தால், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். மழைக்கு முன்பு ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை ஓர் அடி ஆழத்துக்காவது குத்திப் பாருங்கள். மழை பெய்யும்போது துளையில் தண்ணீர் வடிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. துளை காய்ந்திருந்து சுவர் மட்டும் முன்பக்கம் புடைத்தால், அதன் கீழே யாரும் படுக்கக் கூடாது.

சேலம் பக்க அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையிலும் சிக்கல் பெரும்பாலும் சிறுபாலங்களில்தான் தொடங்குகிறது. மேலிருந்து வரும் கிளைகளும் பிளாஸ்டிக்கும் குழாயின் வாயை அடைத்ததும் தண்ணீர் சாலையின் மேலேறி, பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தை அரிக்கும். தார் மேலே அப்படியே இருக்கும், அடியில் மண் இருக்காது. சாலை திறந்த முதல் நாட்களில் பள்ளத்தாக்கு ஓரமாக வண்டியை நிறுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஃபெஞ்சல் மழையில் மண் சரிந்து இந்தப் பாதையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மாற்றுப் பாதையாகக் குப்பனூர் வழி இருக்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். அதுவும் மலைப்பாதைதான், அதே மழைதான் அங்கும் பெய்கிறது. 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இனி அரசு நிவாரணம். உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய், 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500, மானாவாரிக்கு 8,500, சேதமான குடிசைக்கு 10,000, மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000 என்று மாநில அரசு அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். இடைக்கால நிதியாக முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசிடம் 2,000 கோடி கேட்டார். முதலில் வந்தது 944.80 கோடி. அதுவும் மாநிலப் பேரிடர் நிதியில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாகச் சேர வேண்டிய இரண்டு தவணைகள்தான். இவ்வளவு பெரிய சேதத்துக்கு இது போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறிவிப்பு வேகமாக வந்ததைப் பாராட்ட வேண்டும். ஆனால் அது தேங்கிய தண்ணீரையும் மூழ்கிய பயிரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஏற்காட்டில் தண்ணீர் தேங்காது, ஓடிவிடும். ஓடும்போது மேல்மண்ணைக் கொண்டுபோகும். காபிச் செடி நின்றுகொண்டே இருக்கும், ஆனால் வேர் வெளியே தெரியும். கணக்கெடுப்பில் "செடி இருக்கிறதே" என்று எழுதிவிட்டால் 33 சதவீதத்தைத் தொடவே முடியாது. பயிரிழப்புத் தொகை முழுசாகக் கிடைத்தாலும் ஹெக்டேருக்கு 22,500 என்பது ஏக்கருக்குச் சுமார் 9,100 ரூபாய். புதிதாக நடும் காபி நாற்று பலன் தர மூன்று நான்கு வருடம் ஆகும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: 2022 முதல் 2026 மார்ச் வரைக்கான ஒன்றிய அரசின் பேரிடர் நிதி விதிகளில் மண்ணுக்கும் தனி நிவாரண இனங்கள் இருந்தன. மண்சரிவில் நிலத்தின் பெரும்பகுதியே போய்விட்டால் ஹெக்டேருக்கு 47,000. மூன்று அங்குலத்துக்கு மேல் வண்டல் படிந்தாலோ, மலைப்பகுதி விளைநிலத்தில் இடிபாடுகளை அகற்ற வேண்டியிருந்தாலோ ஹெக்டேருக்கு 18,000. முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். நிலத்துக்கான இந்த இனங்கள் சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு. வருவாய்ப் பதிவேட்டில் பெயரும் இருக்க வேண்டும்.

ஆகவே மனுவில் "பயிர் சேதம்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பயிர், நிலம், வண்டல், வீடு எனத் தனித்தனியாக எழுதி வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வண்டலை அள்ளுவதற்கு முன்பே நான்கைந்து இடங்களில் குழி தோண்டி, பழைய மண்ணின் நிறம் தெரியும் இடம்வரை டேப்பை நிறுத்திப் படம் எடுங்கள். தேதியும் இருப்பிடமும் படத்தில் பதியும் கேமரா செயலி போதும். ஜே.சி.பி.யை முதலில் விட்டவர்கள் பிறகு மூன்று அங்குலத்தை நிரூபிக்க வழியில்லாமல் நிற்கிறார்கள். சரிந்த இடத்தின் நீள அகலத்தைச் சர்வே எண்ணோடு குறித்துவையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் மனு திரும்பி வரலாம். வாரிசுச் சான்றோடு பட்டா மாற்றத்துக்குக் கோடையிலேயே விண்ணப்பியுங்கள். மழைக்குப் பிறகு தாலுகா அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தோட்டத்தில் முதல் வாரம் முக்கியம். டிசம்பர் அரபிகா பழுக்கும் காலம். மழையில் உதிர்ந்த பழத்தைச் செடியில் பறித்ததோடு கலக்காமல் தனியாகக் காயவையுங்கள். கலந்தால் பூஞ்சை எல்லாவற்றுக்கும் பரவி விலையைக் கெடுத்துவிடும். மிளகுக்கொடியின் அடியில் நீர் நின்றால் வாடல் நோய் வரும். முதலில் வடிகால் வெட்டுங்கள். பிறகு 100 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து, கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் வரை வேரடியில் ஊற்றலாம்.

மிளகு இலைக்கு ஒரு சதவீத போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி. ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும் ஒரு கிலோ சுண்ணாம்பை 50 லிட்டரிலும் பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து மறுபடியும் கத்தியை முக்கிப் பாருங்கள். கலவையை அன்றைக்கே தெளித்து முடித்துவிட வேண்டும்.