ரிமாண்ட் செய்யப்படும் அந்தச் சில நிமிடங்கள்

2020 ஜூன் 19 அன்று, மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. கைதானவர் சிறையில் 60 நாளைக் கடந்த பிறகும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாததால், சட்டப்படி தமக்கு உரிய பிணையைக் கேட்டிருந்தார். கொரோனா ஊரடங்கைக் கருதி வழக்குகளுக்கான கால வரம்புகளை உச்ச நீதிமன்றமே நீட்டித்திருந்ததால், அந்த நீட்டிப்பு காவல்துறைக்கும் பொருந்தும் என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அந்தப் பிணையை மறுத்திருந்தார். அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி சில நாட்களுக்கு முன்புதான் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தார். எஸ். காசி எதிர் அரசு என்ற அந்த மேல்முறையீட்டில், வழக்காடுவோருக்கு அளிக்கப்பட்ட சலுகையைக் காட்டி ஒரு மனிதரின் சிறைவாசத்தை நீட்டிக்க முடியாது என்றும், ஊரடங்கு என்பது குற்றம்சாட்டப்பட்டவரின் உரிமையை முடக்கிவைக்கும் காரணமாகாது என்றும் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

அதே ஜூன் 19 மாலையில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையும் அவருடைய மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மறுநாள் அவர்கள் நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவுப்படி காவலில் வைக்கப்பட்டு, அதாவது ரிமாண்ட் செய்யப்பட்டு, மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவில் மகனும், 23 அதிகாலையில் தந்தையும் இறந்தார்கள். கைதானவர்களின் உடல்நிலையைச் சரிவரப் பார்க்காமலேயே நடுவர் காவலுக்கு உத்தரவிட்டார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், குற்றவியல் நடைமுறை பற்றி நான் நெடுநாளாகச் சொல்ல நினைப்பது தெளிவாகிறது. டெல்லியில் எழுதப்படும் தீர்ப்பு எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், அது ஒரு சாதாரண மனிதரைச் சென்றடையும் வழி ஒன்றுதான். கைதான 24 மணி நேரத்துக்குள் அவரை நிறுத்த வேண்டிய நடுவரின் மேசைதான் அது. பயண நேரம் நீங்கலாக அந்த 24 மணி நேரத்தை விதித்திருப்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. அந்த மேசையில் கேள்வி கேட்கப்பட்டால் உரிமை உயிர்பெறும். ரிமாண்ட் தாளில் கையெழுத்து மட்டும் விழுந்தால், அதன் பிறகு உயர் நீதிமன்றம் சென்று மீட்பதற்குப் பணமும் காலமும் வழக்கறிஞரும் வேண்டும். கிளைச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இவை மூன்றும் இல்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையன்று. 1980-இல் பீகாரின் பாகல்பூரில், விசாரணைக் கைதிகளின் கண்களைக் காவலர்கள் குத்தி, அமிலம் ஊற்றிப் பார்வையைப் பறித்த கொடுமை வெளிவந்தது. அதையொட்டி எழுந்த கத்ரி எதிர் பீகார் மாநிலம் வழக்கு, ஏழைக் கைதிக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டியது வழக்கு விசாரணை தொடங்கும்போதன்று, அவர் முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும்போதே என்று நிலைநாட்டியதற்காகப் பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அந்த உரிமை இருப்பதைக் கைதிக்கு எடுத்துச் சொல்வதும் நடுவரின் கடமை என்று நீதிபதி பகவதி எழுதினார். ஆனால் அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கிய பகுதி வேறு. கண்ணில் காயத்தோடு நின்ற மனிதர்களைப் பார்த்து, இது எப்படி நேர்ந்தது என்று நடுவர்கள் கேட்கவே இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் அங்கே வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவுக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கடந்திருந்தன.

இடைப்பட்ட காலத்தில் தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்வதற்கான தேவை இருப்பது வேறு என்று 1994-இல் ஜோகிந்தர் குமார் வழக்கு பிரித்துக் காட்டியது. கைதின்போது காவல்துறை பின்பற்ற வேண்டியவை என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கு விதித்த 11 கட்டளைகளைக் காவல் நிலையச் சுவர்களில் இன்றும் பலகையாகப் பார்க்கலாம். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கு நடுவரின் பொறுப்பை நேரடியாகத் தொட்டது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது ஏன் அவசியமாயிற்று என்பதைக் காவல் அதிகாரி எழுத வேண்டும். அதைப் படித்து மனநிறைவடைந்த பிறகே நடுவர் காவலுக்கு அனுப்ப வேண்டும். காரணம் எழுதாமல் எந்திரம் போல அனுப்பும் நடுவர் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றது அத்தீர்ப்பு. காவல் அதிகாரிக்கோ துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் காத்திருந்தது. இருந்தும், மீண்டும் மீண்டும் அதையே வலியுறுத்த வேண்டிய நிலை உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்பட்டது. 2022-இல் வந்த சதேந்தர் குமார் அன்டில் வழக்கின் பெரும்பகுதி அத்தகைய நினைவூட்டல்தான்.

அண்மை ஆண்டுகளின் தீர்ப்புகளில் நான் மிகுந்த நம்பிக்கை வைத்திருப்பது, கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற வரிசையின் மீதுதான். காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு தொடக்கம் முதலே சொன்னது. எப்படித் தெரிவிப்பது என்று சொல்லவில்லை. வாயால் சொன்னோம் என்று காவல்துறையும், யாரும் எதையும் சொல்லவில்லை என்று கைதானவரும் சொன்னால், ரிமாண்ட் அறிக்கையே உண்மையாகிவிடும். 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கில், அமலாக்கத்துறை கைது செய்யும்போது காரணங்களை எழுத்தில் தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மே மாதம் நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவின் வழக்கில் அதே விதி, உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கும் விரிந்தது. அவர் அதிகாலையிலேயே, அவர் தேர்ந்தெடுத்த வழக்கறிஞருக்குத் தெரிவிக்கப்படாமல், ரிமாண்ட் நீதிபதியின் முன் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். எவருக்கும் பொருந்தும்படி அச்சடித்த காரணங்கள் போதா, இந்த மனிதரை இந்த வழக்கில் ஏன் கைது செய்கிறோம் என்ற குறிப்பான விவரம் வேண்டும் என்று அத்தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டியது. எதை மறுத்து வாதிட வேண்டும் என்று தெரியாத ஒருவருக்கு வழக்கறிஞர் இருந்தும் பயனில்லை என்பதை அறிந்து எழுதப்பட்ட தீர்ப்பு அது.

2025 பிப்ரவரியில் வந்த விஹான் குமார் வழக்கில், கைதானவர் மருத்துவமனைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார். காரணம் தெரிவிக்கப்படாத கைது சட்டவிரோதமானது, பிறகு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டதால் அந்தக் குறை சரியாகிவிடாது என்றும், 22-ஆவது பிரிவு பின்பற்றப்பட்டதா என்று பார்ப்பது ரிமாண்ட் செய்யும் நடுவரின் கடமை என்றும் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று, மும்பைக் கார் விபத்து வழக்கிலிருந்து எழுந்த மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பில் இந்த விதி எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக்கப்பட்டது. கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். உடனே எழுதித் தர இயலாத சூழலில் வாயால் சொல்லிவிட்டு, நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் செல்லாது.

இந்த இரண்டு மணி நேரம் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. கையில் ஒரு தாள் இருந்தால் அதை வாசலில் நிற்கும் மனைவியிடமோ அண்ணனிடமோ கொடுக்கலாம். அவர்கள் ஒரு வழக்கறிஞரைத் தேடலாம். யாரும் கிடைக்காவிட்டாலும், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு எழுந்து நிற்கலாம். நடுவருக்கும் கேட்பதற்கு எளிதான ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: தாள் எப்போது கொடுக்கப்பட்டது, எந்த மொழியில்? தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் கொடுத்த தாளும், ஒடியா மட்டுமே தெரிந்த புலம்பெயர் தொழிலாளிக்குத் தமிழில் கொடுத்த தாளும் இனி செல்லாது.

எல்லாத் தீர்ப்புகளும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில், கன்னட நடிகர் தர்ஷனின் பிணையை ரத்து செய்த தீர்ப்பில், எழுத்து மூலக் காரணம் தரப்படாதது மட்டுமே கைதைச் செல்லாததாக்கிவிடாது, அதனால் உண்மையில் பாதிப்பு ஏற்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு கூறியிருந்தது. அந்த அளவுகோலை என்னால் ஏற்க இயலவில்லை. பாதிப்பை நிரூபிக்கும் சுமையைச் சிறையில் இருப்பவர் மீது ஏற்றினால், வசதி படைத்தவர் நிரூபிப்பார். மற்றவர் உள்ளேயே இருப்பார்.

பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இந்த உரிமைகளைக் கேட்டுக் கொதிப்பதை நான் அறிவேன். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொலை செய்தவன் ஒரு தாள் தரப்படவில்லை என்பதற்காக வெளியே வருவதா என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த நிலைக்குக் காரணம் உரிமையன்று. காரணத்தை எழுதித் தராத அதிகாரியும், அதைக் கேட்காமல் கையெழுத்திட்ட நடுவரும்தான். மேலும், மிஹிர் ஷா தீர்ப்பின்படி, காரணத்தை முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு மீண்டும் காவலுக்கு நடுவரிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. வழக்கு அழிந்துவிடுவதில்லை.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு நடுவரின் சுமை கூடியிருக்கிறது. முன்பு போலீஸ் காவல் முதல் 15 நாட்களுக்குள் முடிந்துவிடும் என்பதே நிலைபெற்ற கருத்தாக இருந்தது. இப்போது 187-ஆவது பிரிவின்படி அந்த 15 நாட்களைத் துண்டு துண்டாக, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிறையிலிருந்து மீண்டும் காவல் நிலையத்துக்குச் செல்லும் அச்சம் கைதிக்கு அத்தனை நாளும் தொடரும் என்பதால், ஒவ்வொரு முறையும் உடலைப் பார்த்து, தனியே கேட்டு, பதில்களை எழுதிவைப்பது இன்றியமையாததாகிறது. சாத்தான்குளம் காவல் நிலையத்தின் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நடுவர் கண்டறிந்தார். 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமராக்கள் வேண்டும், பதிவுகள் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தையும் நடுவர்தான் பயன்படுத்த வேண்டும்.

இவை அனைத்துக்கும் வெளியே ஓர் இடம் இருக்கிறது. 2025 ஜூன் மாதம், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளியான இளைஞர், ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காகக் காவலர்களால் விசாரிக்கப்பட்டபோது இறந்தார். அவர் எந்த நடுவர் முன்பும் நிறுத்தப்படவே இல்லை. கைது என்று எழுதப்படாத இடத்தில் கைதுக்கான காரணத்தை யாரும் எழுதித் தரமாட்டார்கள். இரண்டு மணி நேரக் கணக்கும் தொடங்காது. சாட்சியாக விசாரிக்க அழைப்பதானாலும் எழுத்து மூலம் அழைக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்கிறது. விசாரணைக்கென்று அழைத்துவரப்படும் ஒவ்வொருவரின் பெயரும், அவர் வந்த நேரமும், வெளியேறிய நேரமும் அதே பலகையில் ஏற வேண்டும் என்றும், அதன் நகல் அன்றன்றே எல்லைக்குரிய நடுவருக்குச் செல்ல வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.