டெட்ராய்ட்டில் மாடல் டி-யும் மஸ்டாங்கும்

ஃபோர்டு கார்களின் இரண்டு காலங்களையும், மாடல் டி-யையும் மஸ்டாங்கையும், ஒரே நாளில் பார்க்க டெட்ராய்ட்டை விட்டால் வேறு ஊர் இல்லை. காலையில் பிகெட் அவென்யூ ஆலை. மாடல் டி 1908-இல் பிறந்தது இந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில்தான். மதியம் பக்கத்து ஊரான டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே மாடல் டி சவாரி உண்டு. தனிக் கட்டணம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஏறினால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். பார்க்க வேண்டியது அவர் கால்களை.

மூன்று பெடல் இருக்கிறது, ஆனால் ஆக்சிலரேட்டர் இல்லை. அது ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்க நெம்புகோல். இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், பாதியில் நியூட்ரல், கை பிரேக்கை முன்னே தள்ளிவிட்டுக் காலை எடுத்தால் ஹை. நடுப்பெடல் ரிவர்ஸ். வலதுதான் பிரேக். அதுவும் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பாக்ஸுக்குள் ஒரு டிரம்மைப் பிடிக்கும். ஆபத்து இங்கேதான். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் உள்ள பாபிட் என்ற மென்மையான கலப்பு உலோக வாஷர்கள் பொடிந்து பல் விலகினால், இழுவையோடு பிரேக்கும் போய்விடும். வாங்குபவர்கள் முதல் வேலையாக அவற்றைப் வெண்கல வாஷர்களாக மாற்றுவது அதனால்தான்.

ஹேண்டில் போடுவதற்கு முன் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் இடப்பக்க ஸ்பார்க் நெம்புகோலை முழுக்க மேலே ஏற்ற வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறிக்கும். இடது கையால் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து. பழைய லாரிக்கு ஹேண்டில் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. குளிரில் எண்ணெய் கெட்டியாகிக் கிளட்ச் ஒட்டிக்கொண்டால், கார் ஸ்டார்ட் ஆனதும் நம் மேலேயே ஏறி வரும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள்.

பெட்ரோல் பம்பும் கிடையாது. டேங்க் இருக்கைக்கு அடியில். ஈர்ப்பு விசைதான் எரிபொருளை இறக்குகிறது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்து மேடு வந்தால், டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருக்க, ரிவர்ஸில் ஏறுவார்கள்.

பக்கத்திலேயே ஹென்றி ஃபோர்டு மியூசியம். வரிசை எண் 1 கொண்ட வெள்ளை மஸ்டாங் இவர்களிடம்தான் இருக்கிறது. 1964 ஏப்ரலில் கனடாவின் செயின்ட் ஜான்ஸில் ஒரு விமானிக்குத் தவறுதலாக விற்கப்பட்ட அதை, வேறொரு புது மஸ்டாங்கைக் கொடுத்து ஃபோர்டு நிறுவனம் திரும்ப வாங்கியது.

மஸ்டாங்கை ஓட்ட எதையும் புதிதாகக் கற்க வேண்டாம். அடித்தளம் ஃபோர்டின் சாதாரணக் காரான ஃபால்கனுடையது. பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் மாடல் டி தன் நோயைச் சத்தத்திலும் கசிவிலும் சொல்லிவிடும், மஸ்டாங் மறைத்துவிடும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத்துளைத் தகடு உள்ளுக்குள் துருப்பிடிக்கும். மழைநீர் கால்வைக்கும் தரையில் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் தகட்டை அரிக்கும். வாங்குமுன் அந்தத் துளைகளில் குழாய்நீர் விட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால், ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டைக் கழற்றும் வேலை காத்திருக்கிறது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

பிரேக்கும் ஒற்றைச் சுற்றுதான்: ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967-இல்தான் முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் கொடுக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. 65, 66 மாடல்களில் அதைப் பொருத்துவது வழக்கம்; முதல் செலவு அதுவாக இருக்கட்டும், பெயின்ட் பிறகு.